பெற்றோர் கடன் விதி மாறினால் கறுப்பினக் கல்லூரிகளில் ஏன் சேர்க்கை குறைகிறது?

கதிர்வேல்:
அமெரிக்காவில் ஹோவர்ட், ஸ்பெல்மன், மோர்ஹவுஸ் மாதிரி 1964-க்கு முன்பே கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய கல்லூரிகள் இருக்கின்றன அல்லவா, கல்விக் கடன் விதி மாறும்போதெல்லாம் அவைதான் முதலில் அலறுகின்றன. விதி எல்லாருக்கும் பொதுதானே? இவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வலிக்கிறது?

மீனாட்சி:
விதி பொதுதான், வீட்டுச் சேமிப்புதான் பொது இல்லை. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்கு அவர் பெயரில் முதலாண்டில் மத்திய அரசுக் கடன் 5,500 டாலர்தான் கிடைக்கும். ஏழைக் குடும்பம் என்றால் பெல் உதவித்தொகை கொஞ்சம் வரும். மிச்சத்துக்கு அம்மாவோ அப்பாவோ தங்கள் பெயரில் ‘பேரண்ட் பிளஸ்’ என்ற மத்திய அரசுக் கடன் எடுக்க வேண்டும். இந்தக் கல்லூரிகளிடம் ஹார்வர்ட் மாதிரி நன்கொடையில் சேர்த்த பெரிய மூலதன நிதியும் கிடையாது, பள்ளம் விழுந்தால் கைக்காசைப் போட்டு மூட முடியாது.

2011 அக்டோபரில் அதுதான் நடந்தது. அதுவரை பெற்றோருக்கு அப்போதைக்கு 90 நாள் தாண்டிய பாக்கி இருக்கிறதா என்று பார்த்தார்கள். திடீரென்று ஐந்து வருடத்துக்குள் வாராக்கடனாகத் தள்ளியது, வசூல் நிறுவனத்துக்குப் போனது எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க ஆரம்பித்தார்கள். 2008 பொருளாதாரச் சரிவில் வேலையும் வீடும் போன குடும்பங்கள் கொத்தாக நிராகரிக்கப்பட்டன, அதில் மூத்த பிள்ளைக்குக் கடன் கிடைத்து இளையவருக்குக் கிடைக்காத வீடுகளும் உண்டு. அடுத்த கல்வியாண்டில் பல கல்லூரிகளில் சேர்க்கை விழுந்தது. கல்வித்துறைச் செயலர் ஆர்னி டங்கன் 2013-இல் இதற்காக வருத்தம் தெரிவித்தார், பிறகு விதியைத் தளர்த்தினார்கள்: 2,085 டாலர் வரையான பழைய பாக்கியைக் கண்டுகொள்ள வேண்டாம், ஐந்து வருடம் இரண்டாகக் குறைந்தது.

ராஜா:
தளர்த்தியது நல்லது என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கடனில் வருமானம் எவ்வளவு என்றே பார்ப்பதில்லை, வட்டியும் பிள்ளை வாங்கும் கடனைவிட அதிகம். ஓய்வு பெறும் வயதில் அம்மா தலையில் கடனைக் கட்டிவிட்டுச் சேர்க்கை உயர்ந்தது என்று சொன்னால் யாருக்கு லாபம்? 2019-இல் மோர்ஹவுஸ் பட்டதாரிகளின் கடனைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்மித் அடைத்தபோது பெற்றோர் கடனையும் சேர்க்க வேண்டியிருந்தது, மொத்தம் சுமார் 34 மில்லியன் டாலர்.

மீனாட்சி:
சரி, நீங்கள் சொல்வது நியாயம்தான் ராஜா. ஆனால் உதவித்தொகையை உயர்த்தாமல் கடனை மட்டும் நிறுத்தினால் அந்தப் பிள்ளை படிப்பையே விடும்.

கதிர்வேல்:
அப்போது 2025 சட்டத்தில் பெற்றோர் கடனுக்கு வந்த உச்சவரம்பு?

சுகந்தி:
2026 ஜூலை 1 முதல் ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர். மூன்று வருடம் முழுசாக எடுத்தால் நான்காவது வருடத்துக்கு 5,000தான் மிஞ்சும். ஆகவே புதுச் சேர்க்கையைவிட கடைசி வருடத்தில் படிப்பை விடுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கவலை. முதுநிலை மாணவர்களுக்கு இருந்த ‘கிராட் பிளஸ்’ கடன் புதிதாக வருபவர்களுக்குக் கிடையாது. மருத்துவப் படிப்புக்கு வருடம் 50,000, மொத்தம் 200,000 வரைதான். மெஹாரி என்ற கறுப்பின மருத்துவக் கல்லூரியிலோ ஹோவர்டிலோ டாக்டருக்குப் படிக்க நினைப்பவர்கள் மீதிக்குத் தனியார் வங்கியிடம் போக வேண்டும், அங்கே உத்தரவாதக் கையெழுத்து போட வீட்டில் ஆள் வேண்டும்.

ஏற்கெனவே கடன் எடுத்துப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதிகபட்சம் மூன்று வருடம் பழைய வரம்பே தொடரும். அதனால் 2026 சேர்க்கையை மட்டும் வைத்து ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த வருடம் சேர்ந்தவர்கள் நான்காவது வருடத்துக்கு வருவதே 2029-இல்தான்.