மாமா கல்யாண டின்னரில் விட்னி ஹூஸ்டன் பாட்டு, சரியாக வருமா?

பட்டர்வொர்த் அக்கா:
வணக்கம். அடுத்த மாதம் தம்பிக்குக் கல்யாண டின்னர். என் 16 வயது மகள் 'தி பாடிகார்ட்' படத்தின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடியே தீருவேன் என்கிறாள். லோரோங் கூலிட் சந்தையில் அவள் அப்பா 5 ரிங்கிட்டுக்கு வாங்கிவந்த சீடி, அட்டையில் படத்தின் நாயகன் கெவின் காஸ்ட்னர் விட்னியைத் தூக்கிக்கொண்டு போவாரே, அதேதான், மூன்று மாதமாக வீட்டில் ஓடுகிறது. கராவோக்கேயில் பாடினால் தொடக்கத்திலேயே சுருதி விலகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

செந்தூல் ரசிகன்:
அக்கா, விலகத்தான் செய்யும். முதல் முக்கால் நிமிடம் வாத்தியமே கிடையாது, வெறும் குரல். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரே காஸ்ட்னர்தான். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருப்பாள், இசை வந்து சேரும்போதுதான் அது தெரியும். முதல் சுரத்தை கீபோர்டில் ஒருமுறை தட்டிக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அப்புறம், எல்லாம் நின்று டிரம் ஒரே ஓர் அடி விழுமே, அங்கே ஸ்கேல் ஏ-யிலிருந்து பி-க்கு ஏறுகிறது. எந்த ஸ்கேலில் பாடலாம் என்பதை அந்த இடத்தைப் பாட வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள், தொடக்கத்தை வைத்து வேண்டாம்.

ஆயர் ஈத்தாம் அண்ணன்:
தங்கச்சி, தப்பாக நினைக்காதீர்கள், இது பிரிவுப் பாட்டு. அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் 1973-இல், தன்னை மேடையேற்றிய போர்ட்டர் வாக்னரின் நிகழ்ச்சியை விட்டு விலக நினைத்தபோது அவருக்காக எழுதியது. நான் இருந்தால் உனக்கு இடைஞ்சல், போகிறேன் என்றுதான் முதல் வரியே. விட்னி பாடி அமெரிக்காவில் 14 வாரம் முதலிடம், ஆல்பம் 20 வாரம் முதலிடம், 1994-இல் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வேறு. இவ்வளவு கேட்டும் நம் ஆட்களுக்கு அந்தப் பல்லவி மட்டும்தான் மனதில் நிற்கிறது. அதே சீடியில் மூன்றாவதாக 'ஐம் எவ்ரி உமன்' இருக்கிறது, 1978-இல் சாக்கா கான் முதலில் பாடியதை விட்னி பாடியிருக்கிறார். மண்டபமே எழுந்து ஆடும். அதைப் பாடச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் அக்கா:
அண்ணா, நீங்கள் எழுதியதை அவளிடம் காட்டினேன். "தெரியும்மா, கல்யாணம் முடிந்து மாமா ஜொகூருக்குப் போய்விடுவார் இல்லையா, அதனால்தான் இந்தப் பாட்டு" என்கிறாள். பிறந்ததிலிருந்து அவன் தோளிலேயே வளர்ந்தவள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல! செந்தூல் தம்பி, ஸ்கேலை இறக்கி ஒரு டிராக் எங்கே கிடைக்கும்?