மறு: லாரிச் சக்கரம் கிளப்பும் நீருக்கு என்ன பெயர்?

> இரண்டுக்கும் ‘நீர்த்தெளிப்பு’ என்ற ஒரே சொல் போதுமே, பிரிப்பானேன்?

வணக்கம் ஐயா.

ஈரச் சாலையில் லாரிச் சக்கரம் கிளப்பும் நீருக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடுகிறோம். ஒரே சொல் போதாது என்றே நினைக்கிறேன். அங்கே நடப்பவை இரண்டு. தேங்கிய நீரில் டயர் ஏறியதும் பெருந்துளிகள் பக்கவாட்டில் பாய்ந்து, எடை தாளாமல் உடனே தரையில் விழுகின்றன. இது தெறிப்பு. டயரின் பள்ளங்கள் அள்ளிவரும் நீரோ வண்டியின் அடிப்பாகத்தில் மோதிப் பொடியாகிறது. அந்த நுண்துளிகள் விழுவதில்லை. லாரியைச் சுற்றிய காற்றுச் சுழலில் மிதக்கின்றன. பின்னால் ஓட்டி வருபவரின் பார்வையை மறைப்பது இதுதான். குளிர்நாடுகளில் பனி உருகத் தூவிய உப்பும் கலந்திருப்பதால், வைப்பர் துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் வெள்ளைப் படலம் ஏறும்.

‘தெளிப்பு’ என்றால் மருந்து தெளிப்பது போல ஒருவர் வேண்டுமென்றே செய்வது. காற்று அடித்துக்கொண்டு வரும் நுண்துளிக்கு நம்மிடம் ‘சாரல்’ இருக்கிறதே! மழைச்சாரலோடு குழம்பாமலிருக்க ‘சக்கரச்சாரல்’ எனலாம்.

> இந்த நீரைக் குறைக்கச் சக்கரத்தருகே பொருத்தும் கருவிக்கு ‘சேறுதடுப்பு’ அல்லது ‘சாரல்தடுப்பி’?

முதலாவது பொருந்தாது. வழவழப்பான மட்கார்டில் மோதும் நீர் இன்னும் பொடியாகும். சேறு தடுக்கப்படும், சாரலோ கூடும். 1991-இல் வந்து 2014-இல் நீக்கப்பட்ட ஐரோப்பிய நெறியாணை (Directive 91/226) இதற்கென்றே இருவகைக் கருவிகளைச் சொன்னது. ஒன்று, புல் போன்ற இழைப்பரப்பால் நீரின் வேகத்தை வாங்கி வழியவிடுவது. மற்றது, காற்றைப் போகவிட்டு நீரை மட்டும் பிரித்து இறக்குவது. ‘ஆற்றலுறிஞ்சி’, ‘வளிநீர்ப்பிரிப்பி’ என்று வைக்கலாம்.

பொதுப்பெயரில் ‘தடுப்பி’ வேண்டாம். எதுவும் சாரலை முழுக்கத் தடுப்பதில்லை. அமெரிக்காவில் 1982-இல் சட்டமே இயற்றியும், நம்பத்தகுந்த அளவுக்குப் பார்வையைத் தெளிவாக்கும் கருவி கிடைக்கவில்லை என்று 1988-இல் விதி வகுப்பதைக் கைவிட்டார்கள். ‘சாரல்தணிப்பி’ என்பதே நேர்மையான பெயர். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சொல் பொய்யான தெம்பு தரக்கூடாது.

சாலைப் பக்கமும் ஒரு சொல் தேவை. சுமார் 20 விழுக்காடு வெற்றிடம் விட்டுப் போடும் தார்ப்பரப்பில் நீர் உள்ளிறங்கி ஓரமாக வடிந்துவிடும். நெதர்லாந்தின் விரைவுச்சாலைகளில் பெரும்பாலும் இதுதான். சாரல் பிறக்கும் இடத்திலேயே குறைக்கிறது, ஆனால் உறைபனிக்காலத்தில் உப்பு கூடுதலாகக் கேட்கும். இந்த மடல் இழையில் முன்பு வந்த ‘நீருறிஞ்சு தார்’ சரியல்ல. அது உறிஞ்சி வைத்துக்கொள்வதில்லை, வடிக்கிறது. ‘வடிதார்’ என்று சுருக்கமாகச் சொல்லலாமா?

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையேல் வாகனவியல் கலைச்சொல் பட்டியலில் தெறிப்பு, சக்கரச்சாரல், சாரல்தணிப்பி மூன்றையும் இப்போதே ஏற்றிவிடலாம். ‘வடிதார்’ பற்றிச் சாலைப் பொறியாளர்கள் சொல்லட்டும்.