8,000 மீட்டருக்கு மேல் இறந்தவரைக் கீழே கொண்டுவருவதில் என்னதான் சிக்கல்?

சேர்வலாறு_செல்வன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நம்ம பக்கம் காரையாறு, இஞ்சிக்குழி காட்டுக்குள்ள யாரும் தவறிட்டா, மலைவாசி காணிக்காரங்க ரெண்டு கம்பும் ஒரு போர்வையும் வெச்சு டோலி கட்டி ரோட்டுக்குக் கொண்டாந்துருதாவ. பொதிகை உச்சியே 1,868 மீட்டர்தான், ஒத்துக்கிடுதேன். ஆனா எவரெஸ்ட்டுல 300 பேருக்கு மேல செத்து, அதுல 200 பேர் கிட்ட இன்னும் அங்கனயே கெடக்காவன்னு போடுதாங்க. ஹெலிகாப்டர் இருக்கு, ஷெர்பாக்கள் இருக்காவ, காசு கொடுக்க வீட்டுக்காரங்களும் இருக்காவ. பொறவு எங்க இடிக்கு? அம்பைப் பக்கத்துப் பையன் ஒருத்தன் நேபாளத்துக்கு ஏறப் போறான். இன்சூரன்ஸ் பாரத்துல கையெழுத்துப் போடுமுன்ன வீட்டுல இதத்தான் கேக்காவ. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

களக்காட்டு_மலைநாடன்:
முதலில் ஹெலிகாப்டர் கதையை முடித்துவிடுவோம். இறக்கை காற்றைக் கீழே தள்ளினால்தான் வண்டி மேலே நிற்கும். கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோ இருக்கும். 6,400 மீட்டரில், அதாவது எவரெஸ்டின் இரண்டாம் முகாமில், அது ஏறக்குறைய பாதி. உச்சிக்குக் கீழே கடைசி முகாம் போடும் சவுத் கோல் 7,900 மீட்டர், அங்கே பாதியையும் விடக் குறைவு. இஞ்சினும் அதே காற்றைத்தான் குடிக்கிறது, அதனால் சக்தியும் சேர்ந்தே இறங்கும். நேபாளத்தில் அதிகம் பறக்கும் ஏ.எஸ். 350 பி3 வகைக்குச் சான்றளித்த உயர வரம்பே 7,000 மீட்டர் சொச்சம்.

"2005-ல் ஒருவர் உச்சியிலேயே இறக்கினாரே" என்று கேட்பீர்கள். உண்மைதான், அந்த வருசம் மே 14-ல் பிரெஞ்சு விமானி டிடியே டெல்சால் இறக்கினார். தேவையில்லாத சாமானை எல்லாம் கழற்றிய வண்டி, உள்ளே அவர் ஒருவர்தான், காற்றும் ஒத்துழைத்த நாள். 2013-ல் நீளக் கயிறு தொங்கவிட்டு 7,800 மீட்டரிலிருந்து ஓர் ஆளைத் தூக்கினார்கள். அவர் உயிரோடு இருந்தவர். உயிருக்காக ஒரு விமானி எடுக்கும் ஆபத்தை உடலுக்காக எடுக்கச் சொல்ல முடியாது. ஆகவே நடைமுறைக் கணக்கு இதுதான்: இரண்டாம் முகாம் வரை கையால், அங்கிருந்து ஹெலிகாப்டரில்.

பாளை_கயிற்றுக்காரன்:
கையால் எப்படி என்பதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

75 கிலோ ஆள் என்று வையுங்கள். இறகு உடுப்பு, பூட்ஸ், ஹார்னஸ், அதன்மேல் ஒட்டிய பனிக்கட்டி எல்லாம் சேர்ந்து 120, 150 கிலோ என்று போய்விடும். உடல் விழுந்த நிலையிலேயே விறைத்திருக்கும். கை நீட்டியிருந்தால் நீட்டியபடிதான், மடக்க வராது. அந்தக் கை வழியில் கட்டியிருக்கும் கயிற்றில், பாறை முனையில் எல்லாம் மாட்டும்.

முதல் வேலை பெயர்த்தெடுப்பது. 2024-ல் நேபாள ராணுவம் எவரெஸ்ட், லோட்சே, நுப்சே மூன்றிலும் நடத்திய துப்புரவில் நாலு உடல்களும் ஒரு எலும்புக்கூடும் இறங்கின, 11 டன் குப்பையோடு. அதில் ஓர் உடல் மார்பு வரை பனிக்கட்டிக்குள் இருந்தது. வெந்நீர் ஊற்றி ஊற்றி, ஐஸ் கோடாரியால் நெம்பி எடுக்க 11 மணி நேரம் ஆனது. அந்த வெந்நீருக்கும் அங்கேயே ஸ்டவ் வைத்துப் பனியை உருக்க வேண்டும். கையுறை கொஞ்ச நேரம் கழன்றாலும் விரல் போச்சு.

அடுத்தது கட்டு. பாயில், தூக்கப்பையில் அல்லது தார்ப்பாயில் சுருட்டி, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு இறுக்குவார்கள். கிடைத்தால் சுருட்டி எடுத்துப்போகும் பிளாஸ்டிக் ஸ்லெட்.

அதன் பிறகு இறக்கம். இழுத்துக்கொண்டு வருவது என்று நினைக்காதீர்கள், முழுக்கப் பிரேக் வேலை. ஆனித் தேருக்கு நாலு ரத வீதியிலும் வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும் சக்கரத்துக்குச் சறுக்குக்கட்டை போடுகிறவர் கையில்தானே தேர் இருக்கிறது, அது மாதிரி. மேலே பனியில் 60 முதல் 90 செ.மீ. நீள அலுமினிய முளை அடிப்பார்கள், கெட்டிப் பனிக்கட்டியானால் திருகி இறக்கும் ஐஸ் ஸ்க்ரூ. ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு மூன்றை அடித்துப் பாரம் சமமாக விழும்படி இணைக்க வேண்டும். தளர்ந்த பனியில் நேராக அடித்த முளை பாரம் ஏறினதும் உருவிக்கொண்டு வரும், அதற்குப் படுக்கவைத்துப் புதைத்து நடுவில் கட்ட வேண்டும். 50 மீட்டர் கயிறு தீர்ந்ததும் கீழே புதிதாக முளை அடித்து, உடலின் பாரத்தை அதற்கு மாற்றி, மேலே உள்ளவன் கழற்றிக்கொண்டு இறங்கி வர வேண்டும். விபத்து நடப்பது பெரும்பாலும் இந்த மாற்றும் நேரத்தில். பாரம் எந்த முளையில் இருக்கிறது என்பதை ஆக்சிஜன் குறைந்த மூளை தப்பாக எண்ணிவிடும். சரிவில் குறுக்கே போகும் இடம் அதைவிட மோசம். உடல் ஊசல் மாதிரி ஆடி, பிடித்திருப்பவனையும் சேர்த்து இழுக்கும். அதற்காகப் பக்கவாட்டில் இரண்டு பேர் தனிக் கயிற்றோடு நடக்க வேண்டும்.

இப்போது ஆக்சிஜன் கணக்கு. வழக்கமான சிலிண்டர் 4 லிட்டர், 300 பார் அழுத்தம், ஆக சுமார் 1,200 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 10 மணி நேரம், 4 லிட்டர் என்றால் 5 மணி நேரம். பாரம் இறக்குகிறவன் 3 லிட்டருக்குக் குறைத்து வைக்க முடியாது. எட்டுப் பேர், 12 மணி நேர வேலை: தலைக்கு 2,160 லிட்டர், அதாவது இரண்டு சிலிண்டர். மொத்தம் 16, கையிருப்பு சேர்த்து 20. ஒன்று மூன்று கிலோவுக்கு மேல். அவ்வளவையும் முன்கூட்டியே சவுத் கோலுக்குச் சுமந்து வைக்கத் தனி ஆட்கள். இதெல்லாம் காற்று அடங்கும் மே மாதச் சில நாட்களுக்குள் நடக்க வேண்டும். மே கடைசியில் அடிவார முகாமுக்கு மேலே உள்ள கும்பு பனி அருவியில் ஏணியைக் கழற்றிவிடுவார்கள். 30,000 முதல் 70,000 டாலர், அதற்கு மேலும் என்று சொல்லும் செலவில் பெரும்பங்கு இந்த ஆளுக்கும் சிலிண்டருக்கும்தான். காசு கொடுத்தாலும் அந்தச் சில நாளை வாங்க முடியாது.

1979-ல் இறந்த ஜெர்மானியப் பெண்மணி ஹன்னலோர் ஷ்மாட்ஸின் உடலை இறக்கப் போய், 1984-ல் ஒரு நேபாளப் போலீஸ் இன்ஸ்பெக்டரும் ஒரு ஷெர்பாவும் விழுந்து இறந்தார்கள். "எப்படியாவது கொண்டாங்க" என்று வற்புறுத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

சேர்வலாறு_செல்வன்:
கேக்கவே கூசுது, இருந்தாலும் கேட்டுருதேன். சரிவுலயே கீழ விட்டு, அடியில போய் எடுத்துக்கிட்டா என்ன?

பாளை_கயிற்றுக்காரன்:
விட்டால் அடிவாரத்துக்கு வராது, நடுவில் ஏதாவது பிளவுக்குள் போகும், யாரும் நெருங்க முடியாத மலைமுகத்தில் தங்கும். வழியில் ஏறிக்கொண்டிருப்பவன் மேல் விழவும் கூடும். பாதையை விட்டு மறைவாக நகர்த்துவது உண்டு, அது இறுதி மரியாதை என்ற அளவில். 1924-ல் எவரெஸ்ட் ஏறப்போய்த் திரும்பாத ஆங்கிலேயர் மல்லோரியின் உடலை 1999-ல் 8,155 மீட்டரில் கண்டுபிடித்தவர்கள்கூட அங்கேயே கல் அடுக்கி மூடிவிட்டுத்தான் வந்தார்கள்.

களக்காட்டு_மலைநாடன்:
எவரெஸ்ட் அளவு உயரம் வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019-ல் உத்தராகண்டில் நந்தா தேவி கிழக்குப் பக்கம் பனிச்சரிவில் சிக்கி எட்டுப் பேர் இறந்தார்கள். 6,500 மீட்டருக்கும் குறைந்த சிகரம். விமானப்படை ஹெலிகாப்டரால் அந்தச் சரிவில் எடுக்க முடியாமல், இந்தோ திபெத் எல்லைக் காவல் படையினர் ஏறித் தோண்டி, முகட்டைத் தாண்டிச் சுமந்து ஏழு உடல்களைக் கொண்டுவந்தார்கள். எட்டாவது கிடைக்கவில்லை. பனி கொடுக்க நினைத்தால் அதுவே கொடுக்கும், நம் அவசரத்துக்குக் கொடுக்காது. 1968-ல் இமாச்சலத்தில் ரோதாங் கணவாய்ப் பக்கம் விழுந்த ஏ.என். 12 என்ற விமானப்படை விமானத்தில் போன 102 பேரில் நாலு பேரின் உடல் 2024 செப்டம்பரில்தான் கிடைத்தது, 56 வருசம் கழித்து. ஒருவர் நமக்கு மலைக்கு அந்தப் பக்கம் பத்தனம்திட்டாக்காரர்.

தென்காசி_வக்கீலம்மா:
காகிதப் பக்கம் நான் சொல்கிறேன். உடல் காத்மாண்டு வந்ததும் போஸ்ட்மார்ட்டம். விறைத்த உடலை உடனே அறுக்க முடியாது, குளிர் அறையில் மெல்ல மெல்ல இளக விட வேண்டும், அதற்கே பல நாள். அவசரப்பட்டு வெளியே வைத்தால் தோல் பக்கம் அழுகத் தொடங்கும், உள்ளே இன்னும் கல்லாக இருக்கும். முகம் அடையாளம் தெரியாமல் போகலாம். உடுப்பின் நிறம், பூட்ஸ் கம்பெனி, பல் எக்ஸ்ரே, இதெல்லாம் புறப்படுமுன் வீட்டில் ஒரு கவரில் இருக்கட்டும். அதன்பின் இறப்புச் சான்று, பதப்படுத்திய சான்று, பெட்டி சீல் வைத்த சான்று, இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று. இவை இல்லாமல் விமானச் சரக்கில் ஏற்ற மாட்டார்கள். நம்மவர்களுக்கு மதுரையும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், எதற்கு இணைப்பு விமானம் கிடைக்கிறதோ அதைப் பாருங்கள்.

உடலே கிடைக்காவிட்டால்தான் நீண்ட பாடு. ஏழு வருசம் தகவல் இல்லாதவர் இறந்தவராகக் கருதப்படுவார் என்பது பாரதிய சாக்ஷ்ய அதினியம் 111-ம் பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தில் 108. அவ்வளவு காலம் பேங்க் கணக்கு, எல்.ஐ.சி., பட்டா எல்லாம் தொங்கும். இறந்ததை நேரில் பார்த்த ஷெர்பாவின் வாக்குமூலம், உடலின் போட்டோ, ஜி.பி.எஸ். குறிப்பு இருந்தால் ஏழு வருசம் காத்திராமல் கோர்ட்டில் வாதாட இடம் உண்டு. ஆகவே குழு காத்மாண்டுவை விட்டுக் கலையுமுன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

சேர்வலாறு_செல்வன்:
ரொம்ப நன்றிக்கா. பாலிசியில எந்த வரியப் பாக்கணும்?

தென்காசி_வக்கீலம்மா:
மூன்று இடம். ஒன்று, உயர வரம்பு. பல டிரெக்கிங் பாலிசிகள் 6,000 மீட்டரோடு நின்றுவிடும், மேலே நடந்தால் ஒரு பைசா கிடையாது. இரண்டு, "தேடல், மீட்பு" என்பது தனி, "உடலை ஊருக்கு அனுப்புதல்" என்பது தனி. இரண்டாவது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து விமானம் வரைக்கும்தான், மலையிலிருந்து இறக்கும் கூலி அதில் வராது. மூன்று, முன் அனுமதி. கம்பெனியைக் கேட்காமல் ஹெலிகாப்டர் கூப்பிட்டால் பணம் மறுக்கலாம், அதனால் 24 மணி நேர போன் எண்ணை ஏஜென்சியிடமும் கொடுத்துவையுங்கள். இதோடு அந்தப் பையனிடமே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எந்த உயரத்துக்கு மேல் தன்னை எடுக்க ஆள் அனுப்ப வேண்டாம் என்று. ஏஜென்சிகள் சிலர் இந்தப் படிவத்தை அவர்களே கொடுப்பார்கள். வீட்டார் இரண்டு பேர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும், அசல் அம்பையிலேயே இருக்கட்டும்.