பொழுது போகாததால்தான் போதையா?

தேரடிக்காரன்:
எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டு பாடம் கேட்கிறார்கள். வாயைத் திறந்து பதில் சொல்லச் சொன்னால்தான் மாட்டுவார்கள். மைதானத்துக்குப் பூட்டு. பி.இ.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார். பொழுது போகாதவன் வேறென்ன செய்வான்?

சுண்ணக்கட்டி:
நானும் கணக்கு டீச்சர்தான். போர்ஷன் முடியாவிட்டால் சண்டைக்கு வருவதும் நீங்கள்தானே? தமிழ்நாட்டில் குட்கா 2013-லேயே தடை. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலையே விற்கக்கூடாது என்று 2003-ல் வந்த சட்டம் சொல்கிறது. அப்புறம் எப்படி மதிய இடைவேளைக்குள் வாங்கிவிட்டு வருகிறான்? கடையைக் கேளுங்கள்.

தேரடிக்காரன்:
ஐஸ்லாந்தைப் பாருங்கள். 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையானவர்கள். 2016-ல் அது 5 சதவீதம். விளையாட்டு, இசை, நடனம் என்று சேர்த்துவிட்டார்கள். தலைநகர் ரேக்யவிக்கின் நகராட்சி அதற்குப் பிள்ளை ஒவ்வொருவர் பேரிலும் வருடாவருடம் பணம் ஒதுக்கியது.

சுண்ணக்கட்டி:
பாதியைத்தான் சொல்கிறீர்கள். அங்கே சிகரெட் வாங்க 18 வயது, மது வாங்க 20 வயது ஆக வேண்டும். விளம்பரத்துக்கும் தடை. 13 முதல் 16 வயது வரை குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் வெளியே சுற்றக்கூடாது.

கோடு தாண்டாதே:
எங்கள் தெருக் கபடி டீமே ஹான்ஸ் புகையிலை போட்டுக்கொண்டுதான் களத்தில் இறங்கும். மைதானத்தைத் திறந்துவிட்டால் போதுமா? கூட ஒரு பெரிய ஆள் நிற்க வேண்டாமா?

சுண்ணக்கட்டி:
அதைச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கு மைதானம் என்றைக்கு இருந்தது? அவர்களுக்கும் போரடிக்கத்தான் செய்கிறது. என் வகுப்பில் மாட்டுவதெல்லாம் பையன்கள்தான்.

தேரடிக்காரன்:
அப்படியானால் கடையும் காரணம் இல்லை டீச்சர்! கடை இரண்டு பேருக்கும் பொதுதானே?

கோடு தாண்டாதே:
பெண் பிள்ளை ஐந்து நிமிடம் பிந்தினால் எங்கே, யாரோடு என்று வீடே கேட்கிறது. பையனை யாரும் கேட்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

சுண்ணக்கட்டி:
யார் கேட்பது? டியூஷன் விடும்போது ஒன்பது மணி. அப்பா வேலை முடிந்து வரும்போது பத்தரை. அம்மா கேட்டால் "சும்மா நின்னேன்" என்பான். நான் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கடை மேல் மனு கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் வாருங்கள்.

தேரடிக்காரன்:
மைதானச் சாவியையும் மனுவில் சேர்த்தால் வருகிறேன்.