‘இக்னிஷன் டைமிங் டேபிள்’: நேரமா, கோணமா?

வணக்கம்.

‘இக்னிஷன் டைமிங் டேபிள்’ என்பதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த ‘பற்றவைப்பு நேர அட்டவணை’ பற்றி இரண்டு நாளாக யோசிக்கிறேன். எஞ்சினின் வேகம் ஓர் அச்சிலும் சுமை மற்றோர் அச்சிலும் வைத்து, பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று கட்டம் கட்டமாகச் சொல்லும் அட்டவணை அது. ‘பற்றவைப்பு’ சரி, ‘அட்டவணை’யும் சரி. நடுவில் நிற்கும் ‘நேரம்’தான் உறுத்துகிறது. ‘நேர அட்டவணை’ என்றதும் ரயில் எத்தனை மணிக்கு என்றுதான் மனம் போகும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் கட்டங்களில் நேரமே கிடையாது.

கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்‌ஷன் பொருத்திய ஒரு பழைய காரின் அட்டவணையைத் தமிழில் எழுதி நண்பரிடம் காட்டியிருந்தேன். ஒரு கட்டத்தில் 34 என்று இருந்தது. “மில்லி செகண்டா?” என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை, நான் போட்ட சொல் அப்படிக் கேட்க வைத்தது. 34 என்பது டிகிரி. பிஸ்டன் உச்சியைத் தொட கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இன்னும் 34 டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போதே பொறி விழ வேண்டும் என்று பொருள்.

உச்சி தாண்டி 15 டிகிரி அளவில் அழுத்தம் உச்சம் தொட்டால்தான் பிஸ்டனுக்கு நல்ல தள்ளு கிடைக்கும். தீ பரவக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதால் பொறி முந்திக்கொள்கிறது. 1000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1000 சுற்று) கிராங்க் ஒரு மில்லி செகண்டில் 6 டிகிரி திரும்பும், 3000-இல் 18 டிகிரி. எரியும் நேரம் அதே விகிதத்தில் குறைவதில்லை. அதனால் வேகம் கூடக் கூடக் கட்டத்தில் எண் ஏறும். இன்னும் மேலே போனால் சிலிண்டருக்குள் காற்றின் சுழற்சி வலுத்து எரிதலும் வேகமாகிறது. அங்கே எண் ஏறக்குறைய சமமாக நின்றுவிடும்.

இன்னொரு பக்கம் சுமை. திராட்டில் (காற்றை உள்ளே விடும் அடைப்பு) லேசாகத் திறந்து சீராக ஓடும்போது சிலிண்டருக்குள் கலவை அடர்த்தியாக இருக்காது, மெதுவாக எரியும். அங்கே 36, 38 டிகிரிகூடத் தேவைப்படும். அதே ஆர்பிஎம்மில் முழுசாக மிதித்தால் பல பழைய எஞ்சின்களுக்கு 30-ஐ ஒட்டித்தான் வைக்க முடியும், மீறினால் நாக்கிங், அதாவது கலவை தானாகவே வெடித்து எஞ்சின் தட்டும். பழைய கார்களில் பொறியைப் பங்கிட்டுக் கொடுத்த டிஸ்ட்ரிபியூட்டரில், வேகத்துக்கேற்பச் சுழலும் எடைகளும் சுமைக்கேற்ப வேக்குவம் டப்பாவும் செய்துவந்த வேலைதான் இந்த இரண்டு அச்சுகளும்.

ஆக, எண் சொல்வது ‘எவ்வளவு கோணம் முந்தி’ என்பதை. என் பரிந்துரை முந்துகோணம். ‘சுடுநீர்’, ‘சுழல்காற்று’ போல வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது, வாயில் தடுக்காமல் வருகிறது. அட்டவணைக்கு ‘முந்துகோண அட்டவணை’. ‘அட்வான்ஸ்’ என்பதற்குச் சிலர் எழுதும் ‘முன்னேற்றம்’ இங்கே கண்டிப்பாக வேண்டாம். 38 டிகிரி முன்னேற்றம் என்று படித்தால் 30-ஐவிட அது மேல் என்று தோன்றிவிடும். அதிகம் என்பது நல்லது என்றாகாது. எஞ்சினுக்கு அந்த இடத்தில் எது தேவையோ அதுதான் நல்லது.

பொறியைத் தாமதப்படுத்தும் ‘ரிடார்ட்’ என்பதற்கு ‘பிந்துகோணம்’ இணையாக அமையும் என்று எழுதியிருந்தீர்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒப்ப முடியவில்லை. 32-ஐ 28 ஆக்கினால் மெக்கானிக் ‘4 டிகிரி ரிடார்ட் பண்ணினேன்’ என்பார். பொறி அப்போதும் உச்சிக்கு 28 டிகிரி முன்னாலேயே விழுகிறது, எதற்கும் பிந்தவில்லை. அதற்கு ‘முந்துகோணத்தை 4 டிகிரி குறைத்தேன்’ என்பதே போதும். உச்சி தாண்டிப் பொறி விழும் அரிதான இடத்துக்கு மட்டும் ‘பிந்துகோண’த்தை வைத்துக்கொள்வோம்.

சொல் வேலைக்கு ஆகுமா என்று ஒரு குறிப்பில் போட்டுப் பார்த்தேன்: “அட்டவணையைத் தொடும் முன் முந்துகோணத்தை 10 டிகிரியில் பூட்டிவிட்டு, டைமிங் லைட்டால் (பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு) கிராங்க் புல்லியின் குறியைப் பாருங்கள். அங்கே 16 தெரிந்தால் அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும் 6 டிகிரி பொய் சொல்கிறது.” இதைப் படித்த அதே நண்பர் இந்த முறை அலகு என்னவென்று கேட்கவில்லை.