சோவியத் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி: தங்கம் எத்தனை?

கேள்வி:
20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டியில் சோவியத் யூனியன் அணியின் வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். தங்கத்தின் எண்ணிக்கை ஓரிடத்தில் 8, இன்னோரிடத்தில் 9, வேறிடங்களில் 12, 13 என்றெல்லாம் இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது? 1987-க்கு நேரே என்ன போடுவது?

பதில் 1:
நான்கு எண்ணுமே சரிதான், கணக்குத் தொடங்கும் இடமும் முடியும் இடமும்தான் வேறு.

சோவியத் யூனியன் என்ற பெயரில் அதிகாரபூர்வமாக வென்றது 8: 1977, 78, 79, 80, 83, 84, 86, 89. இதோடு, வேறு பெயரில் வென்ற 1992 தங்கத்தைச் சேர்த்தால் 9. 1974 முதல் 1976 வரை நடந்த மூன்று போட்டிகளையும் இந்த அணியே வென்றது. அவற்றையும் கூட்டினால் 12. ஆனால் அவை அழைப்புப் போட்டிகள். 1974-இல் கனடாவின் சார்பில் ஆடியதே பீட்டர்பரோ பீட்ஸ் என்ற கிளப் அணிதான். ஆகவே அவற்றைத் தனிப் பத்தியில் போடுங்கள், மொத்தத்தில் சேர்க்க வேண்டாம். 13 என்பது 9-உடன் ரஷ்யாவின் 1999, 2002, 2003, 2011 தங்கங்களைக் கூட்டிய வாரிசுக் கணக்கு. கலைந்துபோன அணியின் வரலாற்றில் அதற்கு இடமில்லை.

பட்டியலைச் சரிபார்க்க ஒரு வழி: 1977 முதல் 1991 வரை 15 போட்டிகள். தங்கம் 8, வெள்ளி 3 (1988, 90, 91), வெண்கலம் 2 (1981, 85), நான்காம் இடம் 1 (1982), தகுதிநீக்கம் 1 (1987). கூட்டினால் 15 வரவேண்டும்.

பதில் 2:
1987-க்கு நேரே "தகுதிநீக்கம்" என்று எழுதுங்கள். "கடைசி இடம்" என்றோ "விலகல்" என்றோ போட்டால் தவறு. அந்த ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவின் பியெஷ்தானியில், ஜனவரி 4 அன்று, கனடா 4-2 என முன்னிலையில் இருந்தபோது இரு அணி வீரர்களும் பெஞ்சை விட்டு இறங்கி அடித்துக்கொண்டார்கள். அரங்கின் விளக்குகளை அணைத்தும் சண்டை ஓயவில்லை. இரு அணிகளையுமே நீக்கினார்கள்.

ஒன்றை விட்டுவிடாதீர்கள்: இழப்பு இருவருக்கும் ஒன்றல்ல. சோவியத் அணிக்கு அதற்கு முன்பே பதக்க வாய்ப்பு போய்விட்டது. கனடாவுக்கோ வெண்கலம் உறுதியாகியிருந்தது, ஐந்து கோல் வித்தியாசத்தில் வென்றால் தங்கமே கிடைத்திருக்கும். கடைசியில் தங்கம் பின்லாந்துக்குப் போனது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 1992-ஐ எந்த நாட்டின் பெயரில் எழுதுவது?

பதில் 1:
சி.ஐ.எஸ். (முன்னாள் சோவியத் குடியரசுகளின் கூட்டமைப்பு) என்று. போட்டி ஜெர்மனியில் 1991 டிசம்பர் 26 அன்று தொடங்கியது, சோவியத் யூனியன் முறைப்படி கலைக்கப்பட்டதும் அதே நாளில்தான். சோவியத் அணியாக இறங்கியவர்கள் ஜனவரி 1 முதல் சி.ஐ.எஸ். பெயரில் ஆடித் தங்கம் வென்றார்கள். "ரஷ்யா" என்று சுருக்கினால் பிழை: லித்துவேனியாவில் பிறந்த டேரியஸ் கஸ்பராய்ட்டிஸும் அந்த அணியில் இருந்தார். 1993 முதல் மேல்பிரிவு இடம் ரஷ்யாவுக்கு வந்தது. உக்ரைன், லாத்வியா போன்றவை கீழ்ப்பிரிவிலிருந்து ஏறிவர வேண்டியிருந்தது.

பதில் 3:
வீரர் பட்டியலில் வழக்கமாக வரும் பிழை, ஆண்டைக் குழப்புவது. டிசம்பர் கடைசியில் தொடங்கினாலும் போட்டிக்கு ஜனவரியின் ஆண்டுதான் பெயர். அந்த ஆண்டிலிருந்து 20-ஐக் கழித்தால் தகுதியான பிறந்த ஆண்டின் எல்லை கிடைக்கும். 1989-க்கு 1969. மகில்னி, ஃபெடரவ் இருவரும் 1969-இல் பிறந்தவர்கள், அதுவே அவர்களுக்குக் கடைசி ஜூனியர் போட்டி. 1971-இல் பிறந்த பாவெல் பூரே அதற்குப் பிறகு 1990, 91 இரண்டிலும் ஆட முடிந்தது. 1989-ஐயும் சேர்த்து மூன்று உலகப் போட்டிகளில் அவர் அடித்தது மொத்தம் 27 கோல்.