ராமென் (ஜப்பானிய நூடுல்ஸ் சூப்பு) கடையில் மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம்: உங்கள் அனுபவம் என்ன?

வைகைக்கரை:
ஜப்பானில் ஃபுகுவோகா நகரம், நாகஹாமா பக்கத்துத் தள்ளுவண்டிக் கடை. இரவு 11 மணி தாண்டியிருக்கும். டோங்கொட்சு, அதாவது பன்றி எலும்பைக் கொதிக்கவைத்த சூப்பில் ராமென். நூடுல்ஸ் முடிந்துவிட்டது, கிண்ணத்தைத் தூக்கி மிச்ச சூப்பைக் குடிக்கப் போனேன். பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெரியவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். தலையை ஆட்டி "வேண்டாம்" என்றார். கடைக்காரரைப் பார்த்து "கயெதாமா!" (நூடுல்ஸ் மட்டும் இன்னொரு பிடி) என்று ஒரு குரல். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வெந்த நூடுல்ஸ் ஒரு பிடி என் சூப்பில் விழுந்தது. சில்லறை தேடுவதற்குள் தன் கணக்கோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஒழுங்காக நன்றி சொல்லவில்லையே என்று இன்றும் உறுத்துகிறது.

மீன் சந்தைக்காரர்களுக்காக வந்த பழக்கம் அது. அவசரத்தில் வருகிறவர்கள். நூல் மாதிரி நூடுல்ஸ் என்றால் சீக்கிரம் வேகும், ஆனால் சூப்பில் கிடந்தால் ஊறிப்போகும். அதனால் முதலில் கொஞ்சம், பிறகு வேண்டுமானால் இன்னொரு பிடி. என்னைக் கேட்டால் ராமெனின் பிறந்த வீடு அந்த ஊர்தான்.

கீழைத்தெரு:
அண்ணா, அந்தப் பெரியவர் மனசுக்குக் கும்பிடு. ஆனால் பிறந்த வீடு என்று சொன்னதை விட முடியாது. டோங்கொட்சு வந்ததே 1937-இல். அதுவும் ஃபுகுவோகா நகரில் இல்லை, அதற்குத் தெற்கே குருமேயில், நான்கின் சென்ரியோ என்ற வண்டிக்கடையில். நீங்கள் குடித்த கலங்கிய வெள்ளைச் சூப்பு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவியது. டோக்கியோ அசாகுசாவில் கன்இச்சி ஓசாகி ராய்ராய்கென் கடையைத் திறந்தது 1910. அதற்கு முன் அவர் யோகோஹாமா சுங்கத்துறையில் வேலை பார்த்தவர். அங்கேயிருந்த சீனக் குடியிருப்பிலிருந்து 12 சமையல்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அங்கிருந்துதான் சோயா சாஸ் ராமென் சாதாரண ஜனங்களின் சாப்பாடாகப் பரவியது.

என் அனுபவம் ஷின்-யோகோஹாமா ராமென் மியூசியத்தில். 1994-இல் திறந்தது. நிலத்தடியில் 1958-ஆம் வருடத்துத் தெருவை அப்படியே கட்டியிருக்கிறார்கள். ஏன் 1958 என்றால், மோமோஃபுகு ஆண்டோ சிக்கன் ராமென் என்ற உடனடி நூடுல்ஸ் பாக்கெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்த வருடம் அது. எதிர் மேசையில் ஒரு பாட்டி, எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கவிழ்த்துப் பேரனிடம் காட்டினார். பேரன் பாதிக்கு மேல் வைத்திருந்தான். அவர் திட்டவில்லை. அவன் கிண்ணத்தை இழுத்து அதையும் குடித்தார். போர் முடிந்த கையோடு அரிசித் தட்டுப்பாடு, அமெரிக்கக் கோதுமை, கள்ளச்சந்தை நூடுல்ஸ் வண்டிகள் என்று எவ்வளவோ படித்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான் அந்தக் காலம் எனக்குப் புரிந்தது.

துளசிமாடம்:
சப்போரோ, நல்ல பனி. நான் சைவம். காய்கறி ராமென் சீட்டை நீட்டி, தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் "இறைச்சி இல்லாமல்" என்றேன். சமையல்காரர் அடுப்பை விட்டு வெளியே வந்து, என்னைப் பெரிய பானையருகே கூட்டிப்போய் மூடியைத் திறந்தார். உள்ளே எலும்புகள் கொதிக்கின்றன. கையால் பெருக்கல் குறி காட்டிக் காசைத் திருப்பிக் கொடுத்தார். சும்மா விற்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அவ்வளவுதான் என் கதை.

போகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) ராமென் என்றால் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். மிசோவைக் கரைப்பதே பன்றி அல்லது கோழி எலும்புச் சூப்பில்தான். மேலே போடும் முட்டைகோஸை வதக்குவதும் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பில். சாஷூ என்றால் பன்றி இறைச்சி. எலும்பு இல்லை என்றாலும் காய்ந்த மீன் சாறு இருக்கும். டோக்கியோ ஸ்டேஷனில் டிக்கெட் கேட்டுக்கு உள்ளேயே டீஸ் டான்டான் என்ற கடை இருக்கிறது, அங்கே இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. ஹலால் வேண்டுவோருக்கு அசாகுசாவில் கடைகள் உண்டு. வாசலில் சீட்டு இயந்திரம் இருந்தால் முதலில் காசைப் போடுங்கள், பிறகு பொத்தான். இடது மேல் மூலையில் இருப்பது அநேகமாக அந்தக் கடையின் பேர்போன ஐட்டம். வெளியே வரிசை நின்றால் சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுங்கள், உட்கார்ந்து பேசாதீர்கள். உறிஞ்சும் சத்தத்துக்குக் கூச்சப்பட வேண்டாம். இன்னொன்று, நூடுல்ஸில் முட்டை உண்டு, அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்தாலே தெரியும்.

மழைக்குருவி:
துளசி அக்கா, எல்லாம் சரி, கடைசி வரி மட்டும் சரியில்லை. மஞ்சள் வருவது கான்சுயியால். சோடியம், பொட்டாசியம் கார்பனேட் கலந்த காரநீர். மாவில் இயல்பாக இருக்கும் நிறமியை அது மஞ்சளாக்கும், இழுவையும் கொடுக்கும். சிலர் முட்டையும் சேர்ப்பார்கள், சேர்க்காதவர்களும் நிறைய. கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

கீழைத்தெருவுக்கு ஒரு கேள்வி. ஓசாகி பெயரைச் சொன்னீர்கள். அடுப்படியில் நின்ற அந்த 12 பேரின் பெயர்? ராமென் வரலாறு பேசும் எல்லாரும் இப்படித்தான், முதலாளி பெயரோடு நின்றுவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கிதகதா என்ற ஊர் அப்படியில்லை. 1920-களில் சீனாவிலிருந்து வந்து, வண்டி இழுத்து நூடுல்ஸ் விற்று, கென்ராய்கென் கடையைத் தொடங்கிய பான் கின்செய்யை அந்த ஊர் இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறது.

அங்கே காலையிலேயே ராமென். இரவு வேலை முடித்தவர்களும் வயலுக்குப் போகிறவர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. தட்டையான, சுருள் சுருளான தடித்த நூடுல்ஸ், தெளிந்த சூப்பு. நான் உட்கார இடமில்லாமல் நின்றபோது, சேறு படிந்த பூட்ஸோடு ஒரு அம்மா தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

வைகைக்கரை:
கீழைத்தெரு தம்பி, வருடக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். சுவையில் என் ஓட்டு ஃபுகுவோகாவுக்குத்தான், அது மாறாது. மழைக்குருவி, 12 பேரைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. கிதகதாவுக்கு டோக்கியோவிலிருந்து எப்படிப் போவது?

மழைக்குருவி:
கோரியாமா வரை ஷின்கான்சென், அங்கிருந்து ஐசு-வகாமட்சு, அங்கே மாறி கிதகதா. முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள் அண்ணா. காலை 7 மணிக்கே திறக்கும் கடைகள் உண்டு.